மளிகை அலமாரி தொடங்குகிறவர்களுக்கு: வீடு வீடாக விசாரிப்பதிலிருந்து மாதாமாதம் கொடுப்பது வரை முழு வழிகாட்டி

தெருவில் நாலு பேர் சேர்ந்து, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு மாதாமாதம் மளிகை கொடுக்கலாமே என்று பேச ஆரம்பித்த அன்றே வாட்ஸ்அப் குழு உருவாகிவிடும், மறுநாள் பணம் வர ஆரம்பிக்கும், மூன்றாம் நாள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பத்து மூட்டை அரிசி இறங்கிவிடும். யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை அதற்கு அப்புறம்தான் வரும். தாம்பரம் பக்கம் எங்கள் சின்ன மளிகை அலமாரியில் நிற்கிற எனக்கு, பக்கத்துப் பகுதிகளில் தொடங்கி நாலைந்து மாதத்தில் நின்றுபோனவற்றைப் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: எல்லாமே இந்த வரிசையில் தொடங்கியவை. வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை வராது.

மளிகை அலமாரி என்று நான் சொல்வது ஓர் அறை, மூன்று இரும்பு ரேக், மாதம் ஒரு மாலை, 25 முதல் 40 குடும்பம் வரை. சமைத்த சாப்பாடு இதில் இல்லை. ஏன் இல்லை என்பது பின்னால் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து பேர் வேண்டும். குழுவில் 80 பேர் இருப்பார்கள், அது வேறு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை தவறாமல் வந்து நிற்கிற ஐந்து பேர். அதில் ஒருவருக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இருக்க வேண்டும், ஒருவருக்கு அந்தப் பகுதியில் எல்லா வீட்டையும் தெரிந்திருக்க வேண்டும் (பெரும்பாலும் அது பூக்கார அக்காவாகவோ இஸ்திரி போடுகிற அண்ணனாகவோ இருக்கும், குடியிருப்போர் சங்கத் தலைவராக இருக்காது).

தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும். மாடி வேண்டாம், பத்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவது வயதானவர்களால் ஆகாது. கோயில் மண்டபத்து ஓரமோ, சர்ச் ஹாலோ, பள்ளிவாசல் பக்கத்து அறையோ, அடுக்ககத்தில் சும்மா கிடக்கிற வாட்ச்மேன் அறையோ எதுவானாலும் சரி. ஆனால் அந்த வாசலுக்குள் எல்லாரும் தயங்காமல் வருவார்களா என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எங்களுக்கு முதலில் கிடைத்த இடம் நல்ல விசாலமான இடம்தான், ஆனால் அந்தத் தெருவில் வேறு பகுதிக்காரர்கள் கால் வைக்கத் தயங்குவார்கள் என்பது எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் மூன்று மாதத்துக்கான பணம். 25 குடும்பம், ஒரு குடும்பத்துக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 20,000, மூன்று மாதத்துக்கு 60,000. இந்தத் தொகை கணக்கில் சேரும் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாதாமாதம் பருப்பு வரும் என்று நம்பி ஒரு வீட்டில் அந்தப் பணத்தைச் சீட்டுக்கோ வாடகை பாக்கிக்கோ ஒதுக்கியிருப்பார்கள். இரண்டாம் மாதமே "இந்த மாசம் முடியலைம்மா" என்று நீங்கள் கை விரித்தால் அவர்களுக்குத் தொடங்காமலே இருந்ததைவிட மோசம்.

மின்தராசு ஒன்று, நீளமான நோட்டு இரண்டு, மூடி போட்ட டிரம் ஆறு, அறைச் சாவி இரண்டு. ஒரே சாவி வைத்திருந்து, சாவிக்காரர் ஊருக்குப் போய்விட்டதால் வெளியே முப்பது பேர் நின்ற கதை எங்களிடமும் உண்டு.

2. பொருள் சேர்ப்பதற்கு முன் வீடுகளுக்குப் போங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் எத்தனை குடும்பம், எத்தனை பேர், என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியாமல் பட்டியல் போட முடியாது, பட்டியல் இல்லாமல் பணம் எவ்வளவு என்று தெரியாது.

யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள்: அங்கன்வாடிப் பணியாளர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், நகர்ப்புறச் செவிலியர், கடன் நோட்டு வைத்திருக்கிற அண்ணாச்சி கடைக்காரர். இவர்களிடம் பெயர் கேட்காதீர்கள். "உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களிடம் எங்கள் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பெயரை நீங்கள் வாங்கிக்கொண்டு கதவைத் தட்டினால், என் கஷ்டத்தை யார் போய்ச் சொன்னது என்றுதான் முதலில் தோன்றும், உங்கள் பருப்பு இரண்டாம் பட்சம்.

வந்து பேசுகிறவர்களிடம் ஐந்து கேள்வி போதும். வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள். போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது. ரேஷன் அட்டை என்ன வகை, எந்தக் கடையில். கேஸா, விறகா. யாருக்காவது சர்க்கரை, பிரஷர், பத்தியம் உண்டா.

வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எல்லாரும் ஒரு தொகை சொல்வார்கள், அது எதற்கும் உதவாது. கொத்து வேலைக்குப் போகிறவரிடம் "போன மாசம் எத்தனை நாள் சித்தாள் வேலை கிடைச்சதுக்கா" என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். 22 நாள் என்றால் அந்த வீடு எப்படியோ ஓடுகிறது, 9 நாள் என்றால் ஓடவில்லை.

ஆதார் நகல் வாங்காதீர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி ஒரு கோப்பில் போட்டு வைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்வது. அது தொலைந்தாலோ தவறான கைக்குப் போனாலோ பதில் சொல்ல உங்களால் முடியாது. குடும்பத்துக்கு ஓர் எண் கொடுங்கள். நோட்டில் அந்த எண், பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை, அவ்வளவுதான். பெயரும் போன் நம்பரும் தனி நோட்டில், அது ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

3. ரேஷனில் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கிற வீட்டுக்கு ரேஷன் அரிசி இலவசம். மிக ஏழ்மையான குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். இதைத் தெரிந்துகொண்டே நாமும் பத்து கிலோ அரிசி கொடுத்தால், கொடுத்த திருப்தி நமக்குக் கிடைக்கும், அந்த வீட்டில் அரிசிக்கு மேல் அரிசிதான் இருக்கும். சிலர் அதை இட்லிக் கடைக்கு விற்பார்கள், விற்ற காசில் புளியும் மிளகாயும் வாங்குவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, புளியும் மிளகாயும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ரேஷன் விட்டுவைக்கிற இடைவெளி எங்கள் பகுதியில் இப்படி இருக்கிறது: இரண்டாவது லிட்டர் எண்ணெய், இரண்டாவது கிலோ பருப்பு, புளி, காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள், உப்பு, டீத்தூள், முட்டை, சோப்பு, சானிடரி நாப்கின். கடைசி இரண்டும் சாப்பாடு இல்லையே என்று ஒருவர் எங்கள் குழுவில் வாதாடினார். சோப்புக்குப் போகிற 40 ரூபாய் எண்ணெயிலிருந்துதான் போகிறது என்று ஓர் அக்கா சொன்ன பிறகு அவரே மாதாமாதம் சோப்பு வாங்கித் தருகிறார்.

அட்டை இல்லாத வீடு, சர்க்கரை அட்டை, எந்தப் பொருளும் இல்லா அட்டை, இவை தனிக் கணக்கு. அங்கே அரிசியும் கொடுக்க வேண்டும். வடமாநிலக் குடும்பம் என்றால் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் கேட்டுப் பாருங்கள். ஒடிசாக்காரர்கள் அரிசியே போதும் என்பார்கள், பீகார்க்காரர்கள் ஆட்டா கேட்பார்கள். நாமாக முடிவு செய்யாமல் கேட்டுவிடுவது உத்தமம்.

4. பட்டியலைப் போடுவது

நான்கு பேர் வீட்டுக்கு எங்கள் இப்போதைய பை: துவரம்பருப்பு 1 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், ரவை 1 கிலோ, புளி 500 கிராம், மிளகாய் 250, மல்லி 250, உப்பு 1 கிலோ, டீத்தூள் 250, சோப்பு 3. ஆறு பேருக்கு மேல் என்றால் பருப்பும் எண்ணெயும் ஒன்றரை மடங்கு.

பாசிப்பருப்பு பட்டியலுக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் சத்தானது என்று கொண்டைக்கடலை 2 கிலோ கொடுத்தோம். வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அக்கா மூன்று மாதம் வாங்கிப் போனவர் நாலாவது மாதம் பையிலிருந்து கடலைப் பாக்கெட்டை மட்டும் எடுத்து மேஜை ஓரமாகச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நடந்தார். கூப்பிட்டுக் கேட்டால் முதலில் சொல்லவில்லை. அப்புறம், "ஊறப் போட்டாலும் வேக அரை மணிக்கு மேல ஆகுது தம்பி, எங்கிட்ட இருக்கிற குக்கருக்கு விசிலும் இல்ல, சிலிண்டர் எப்ப தீரும்னே பயமா இருக்கு" என்றார். பாசிப்பருப்பு பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். அன்றிலிருந்து பட்டியலில் எதைச் சேர்த்தாலும், இது எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்கும் என்ற கேள்வியைக் கேட்கிறோம். நாலாவது கேள்வியாகக் கேஸா விறகா என்று கேட்டோமே, அது இதற்குத்தான்.

தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு வேறு பை. அவல், ரவை, சேமியா, பொட்டுக்கடலை, சின்ன பாக்கெட் எண்ணெய். ஒரு கிலோ பருப்பை அவர்கள் நாலு மாதம் வைத்திருப்பார்கள், வண்டு வந்துவிடும்.

5. பணமும் காகிதமும்

தனிநபர் ஒருவரின் ஜிபே நம்பருக்குப் பணம் வாங்கத் தொடங்கினால் ஆறு மாதத்துக்குள் மனஸ்தாபம் நிச்சயம். இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்கைத் திறந்துவிடுங்கள், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கின் பக்கத்தையே படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

வரிச்சலுகை ரசீது வேண்டும் என்று கேட்பவர்கள் வருவார்கள். அதற்கு அறக்கட்டளையாகப் பதிவு செய்து, வருமான வரித் துறையிடம் 12ஏ, 80ஜி என்று வழக்கமாகச் சொல்கிற இரண்டு பதிவும் (முதலாவது அறக்கட்டளைக்கு வரிவிலக்கு, இரண்டாவது கொடுப்பவருக்கு வரிச்சலுகை) வாங்கியிருக்க வேண்டும். 80ஜி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. 25 குடும்பத்தோடு இருக்கும் வரை, ஏற்கெனவே பதிவு உள்ள பக்கத்து அறக்கட்டளையோடு சேர்ந்து செய்வது சுலபம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற உங்கள் மச்சான் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை இருக்கிறதே என்பார்கள், அது இந்த விஷயத்தில் செல்லாது.

பணத்தைவிட எங்களுக்கு உதவியது "ஒரு வீடு, ஒரு பொருள்" முறை. நீங்கள் மாதம் 3 கிலோ புளி, நீங்கள் 5 லிட்டர் எண்ணெய் என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். பொதுவாகப் பணம் கேட்டால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொட்டும், மார்ச்சில் காய்ந்துவிடும். என் புளி என்று ஒருவருக்கு ஆகிவிட்டால் அவர் மறப்பதில்லை.

6. வாங்குவதும், வேண்டாம் என்று சொல்வதும்

மொத்தக் கடையில் வாங்குங்கள், ஆனால் ஒரு கிலோ பாக்கெட்டாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாயோ இரண்டோ கூட ஆகும். நாமே சாக்கைப் பிரித்து அளந்தால் மிச்சம் என்று தோன்றும், ஆனால் 40 கிலோ பருப்பை ஐந்து பேர் அளந்து கட்ட ஒரு முழு மாலை போய்விடும், சிந்துவது வேறு. அரிசி வாங்கினால் 26 கிலோ மூட்டை கேளுங்கள்: 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததால்தான் கடைகளில் இந்த விசித்திரமான 26 கிலோ மூட்டை பிறந்தது.

நன்கொடையாக வரும் பொருளில் எதை மறுப்பது என்பதை எழுதி அறைக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். நேரில் முகத்தைப் பார்த்து மறுப்பது கஷ்டம், கதவில் இருந்தால் அதைக் காட்டிவிடலாம்.

குழந்தைப் பால் பவுடர், பால் புட்டி. இதை யாருமே எதிர்பார்ப்பதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடரையும் பால் புட்டியையும் அனாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாகக் கொடுக்கக் கூடாது. நல்ல மனதோடு பத்து டின் கொண்டு வருவார்கள், வாங்கிக்கொள்ளாதீர்கள். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், பாலூட்டும் தாய்க்கு அங்கே சத்துமாவு உண்டு.

சமைத்த சாப்பாடு. கல்யாண மண்டபத்திலிருந்து இரவு பத்தரைக்குப் போன் வரும், 200 பேர் சாம்பார் சாதம் மிச்சம், உடனே வாங்க என்று. அது எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் சூடு இல்லாமல் திறந்து இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மிச்ச உணவை வாங்கி விநியோகிப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறை கொண்டுவந்தது, பதிவு, லேபிள், பதிவேடு எல்லாம் அதில் உண்டு. கோவையில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பைப் போல இதையே வேலையாகச் செய்கிறவர்களுக்கு வண்டியும் பாத்திரமும் ஆளும் இருக்கிறது. போன் வந்தால் அப்படிப்பட்டவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சில்லறை எண்ணெய், வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், பிரித்த பாக்கெட், தேதி முடிந்தது, லேபிள் கிழிந்தது, ஐந்தும் வேண்டாம். தேதி முடிய 45 நாளாவது பாக்கி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நம் அறையில் ஒரு மாதம், அவர்கள் வீட்டில் ஒரு பதினைந்து நாள்.

7. அடுக்கி வைப்பது

எதையும் தரையில் வைக்காதீர்கள். மரப்பலகையோ செங்கல்லோ போட்டு அரையடி உயர்த்தி, சுவரிலிருந்தும் அரையடி தள்ளி வைக்க வேண்டும். சுவரில் சாய்த்த மூட்டை ஓதம் வாங்கும், பின்னால் எலி குடியேறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது எங்கள் அறையில் முட்டி அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த ரவையும் கோதுமை மாவும் முழுதாகப் போயிற்று, அதே தட்டில் இருந்த சோப்பு பெரும்பாலும் பிழைத்தது. அப்போதிலிருந்து அக்டோபர் பிறந்தால் கீழ்த்தட்டில் எண்ணெயும் சோப்பும் மட்டும்தான்.

புதிதாக வந்தது பின்னால், பழையது முன்னால். சொல்வது சுலபம், புதியவர் ஒருவர் வந்து அடுக்கினால் கண்ணுக்கு எதிரே இருக்கிற காலி இடத்தில் புதியதை வைத்துவிட்டுப் போவார். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் மார்க்கரால் மாதத்தின் எண்ணைப் பெரிதாக எழுதிவிடுகிறோம், ஜூன் என்றால் 6. எடுக்கும்போது சின்ன எண் முதலில்.

ரவையில்தான் வண்டு சீக்கிரம் வரும். வாங்கி வந்ததும் அந்த மாதமே கொடுத்துவிடுங்கள், சேமிப்பாக வைக்க வேண்டாம். பருப்பு டிரம்மில் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போடுவது வீட்டில் எல்லாரும் செய்வதுதான், பாக்கெட்டாக வாங்கினால் அது பலிக்காது, மாதம் ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. பூச்சி மருந்தை அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். எலிக்குக் கூண்டு வையுங்கள், மருந்து வேண்டாம்.

8. கொடுக்கும் மாலை

கிழமையும் நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகாதவர்கள்தான் வருவார்கள், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு அரை நாள் கூலி போகும். எங்களுக்கு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஆறிலிருந்து எட்டரை வரை. சம்பளம் முதல் வாரத்தில் வரும், மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதி வாக்கில் ஏறும், 20ஆம் தேதிக்கு மேல்தான் கை இறுகும்.

வரிசை நிற்க வைக்காதீர்கள். 15 நிமிடத்துக்கு நாலு குடும்பம் என்று நேரம் பிரித்து முதல் நாள் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். முப்பது பேர் தெருவில் நின்றால் அந்தப் பக்கம் போகிற எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் சேதி போகும். வளர்ந்த பெண்பிள்ளை இருக்கிற வீடுகள் இரண்டாம் மாதமே வராமல் நின்றுவிடும், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள்.

உள்ளே மேஜையில் பொருளைப் பரப்பி வைத்து அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பருப்பு வகையில் இரண்டு, மாவு வகையில் ஒன்று, எண்ணெய் ஒன்று, மசாலாவில் மூன்று என்று தட்டுக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம். கட்டி வைத்த பையைக் கையில் திணிப்பது வேகமானது, உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயாளி வீட்டுக்குச் சர்க்கரையும், உளுந்து இருக்கிற வீட்டுக்கு இன்னொரு உளுந்தும் போகும். எடுக்க விட்டால் வேண்டாததை அவர்களே விட்டுவிடுவார்கள், மாதக் கடைசியில் எது தங்குகிறது என்று பார்த்தாலே அடுத்த மாதப் பட்டியல் கிடைத்துவிடும். எல்லாரும் விலை அதிகமான பொருளையே அள்ளுவார்களே என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. மூன்று மாதம் பார்த்தோம், அப்படி நடக்கவில்லை.

பை அவர்களே கொண்டு வரட்டும், சாதாரண மஞ்சப்பையோ துணிக்கடைப் பையோ. உங்கள் குழுவின் பெயர் அச்சடித்த பை வேண்டவே வேண்டாம். போட்டோவும் வேண்டாம். நன்கொடை கொடுத்தவர் கேட்பார், ரேக்கைப் படம் எடுத்து அனுப்புங்கள், கணக்கு நோட்டுப் பக்கத்தை அனுப்புங்கள். முகம் இருக்கிற படம் கேட்டு அடம்பிடித்த ஒருவரின் பணத்தை ஒருமுறை திருப்பி அனுப்பினோம், அந்த மாதம் எண்ணெய் முக்கால் லிட்டர்தான் கொடுக்க முடிந்தது.

வாசலில் நிற்பவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையும் பாருங்கள். "நெக்ஸ்ட்" என்றோ "14ஆம் நம்பர்" என்றோ கூப்பிட்டால் அது ஆஸ்பத்திரி. "வாங்கக்கா, மழைல நனைஞ்சிட்டீங்களா" என்று கேட்கிற ஒருவரை அங்கே நிறுத்துங்கள், கணக்கில் கெட்டிக்காரரை நோட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். நாங்கள் முதலில் இதை மாற்றிச் செய்திருந்தோம்.

9. பக்கத்து மேஜையில் அட்டை வேலை

இதைப் பலர் செய்வதில்லை, என்னைக் கேட்டால் அலமாரியைவிட இதுதான் அதிகச் சாப்பாடு கொண்டுவருகிறது. ஒரு குடும்பத்துக்கு அரிசி அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால், நாம் கொடுக்கிற பையைவிட அதிகப் பொருள் மாதாமாதம் வரும், நாம் இல்லாவிட்டாலும் வரும்.

அடிக்கடி வருகிற சிக்கல் மூன்று. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் வந்தவர்களின் பெயர் இன்னும் பெற்றோர் அட்டையிலேயே இருக்கும், அங்கே நீக்காமல் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்கள். கணவரை விட்டு வந்த பெண்களுக்கும் இதே கதைதான், அட்டை அவர் கையில் இருக்கும், கேட்கவும் போக முடியாது. அவர்களைத் தனியே விடாமல் கூட ஒருவர் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டாவது, பிறந்த குழந்தையின் பெயர் அட்டையில் சேராதது. பெயர் சேர்ந்தால் பல அட்டைகளில் அரிசி அளவு கூடும். மூன்றாவது, வயதானவர்களுக்குக் கைரேகை பதியாதது. கடைக்குப் போக முடியாதவர்கள் தங்கள் சார்பாக ஒருவரை நியமித்துப் பொருள் வாங்கப் படிவம் இருக்கிறது, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

வேறு மாநில அட்டை வைத்திருக்கிற தொழிலாளர்கள் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே தானியம் வாங்கலாம், அவர்களில் பலருக்கு இது தெரியாது. கடையில் இல்லை என்று சொன்னால் 1967க்குப் போன் செய்யலாம். பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கிற ரேஷன் குறைதீர் முகாமுக்கு மூன்று நாலு குடும்பங்களைச் சேர்த்து ஒரே ஆட்டோவில் கூட்டிப் போவது எங்கள் வழக்கம்.

அந்த மேஜைக்கு ஒரு பொறுமைசாலி வேண்டும், இ-சேவை மையத்தில் வேலை பார்த்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

10. எந்த மாதம் கூடும், எந்த மாதம் குறையும்

அரசுப் பள்ளியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு, அதோடு மதியச் சத்துணவு, முட்டை. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கோடை விடுமுறை விட்டால் ஒரு நாளைக்கு நாலு வேளைச் சாப்பாடு திடீரென வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. ஏப்ரல் கடைசியிலும் மே கடைசியிலும் அந்த வீடுகளுக்குப் பாசிப்பருப்பு, ரவை, முட்டை கூடுதலாக வையுங்கள். அதே சமயத்தில்தான் நன்கொடை தருகிறவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆகவே மார்ச்சிலேயே கேட்டு வைக்க வேண்டும். நாங்கள் இதைக் கவனிக்காமல் இரண்டு கோடை தடுமாறினோம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, கட்டட வேலை நிற்கும். புதிய குடும்பங்கள் கதவைத் தட்டுவது அப்போதுதான். 25 குடும்பத்துக்கான அலமாரியில் 20 பேரை மட்டும் எழுதி வைத்து ஐந்து இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள், அது மழைக்காலத்துக்கு.

ஜனவரியில் அரசின் பொங்கல் தொகுப்பில் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு வரும், அந்த மாதம் அதையே நாமும் கொடுக்க வேண்டாம். நெய்யோ முந்திரியோ ஒரு சின்ன பாக்கெட் கொடுத்தால் பொங்கல் ருசியாக இருக்கும்.

11. நிறுத்துவது பற்றி முதல் நாளே பேசுங்கள்

சேர்க்கும்போதே ஆறு மாதம் என்று சொல்லிச் சேருங்கள், ஐந்தாவது மாதம் திரும்ப அதே ஐந்து கேள்வியைக் கேளுங்கள். வேலை நாள் கூடியிருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் நாம் பெயரை அடித்தால் யாரோ நம்மைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று தெருவில் சண்டை மூளும். தனியாக இருக்கிற முதியவர்கள், படுக்கையில் நோயாளி இருக்கிற வீடு, இவர்களுக்கு ஆறு மாதக் கணக்கு கிடையாது.

போன ஜூலையில் ஓர் அக்கா, அதே கடலையைத் திருப்பி வைத்தவர், பெண்ணுக்கு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் வேண்டாம் என்று சொல்ல வந்தார். வந்தவர் அட்டை மேஜையில் கூட்டம் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் அட்டைக்காக நாலு முறை அலைந்தவர் என்பதால் எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. இப்போது கடைசிச் சனிக்கிழமைகளில் அந்த மேஜை அவருடையது.